நாலு நாள் ட்ரிப்பு, அஞ்சு மாச அலைச்சல்: வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து நான் பட்ட பாடு

நான் கடலூர் ஓ.டி., அதான் ஓல்டு டவுன், வேலை பாண்டில. டெய்லி பைக்ல போய்ட்டு வர ஆளு. என் கூட்டாளி ஒருத்தன் அரியாங்குப்பத்துல இருக்கான், பேரு வேணாம், ஸ்கூல்லேந்தே அவன நாங்க சேட்டுன்னுதான் கூப்புடுவோம். ஏன்னா பத்து ரூவா கடன் குடுத்தாக்கூட நோட்டு பின்னாடி தேதி போட்டு எழுதி வச்சுப்பான். இந்தப் பழக்கத்துக்கு நாங்க பத்து வருஷம் அவன ஓட்டியிருக்கோம். கடைசில அந்தப் பழக்கம்தான் என்ன காப்பாத்துச்சு, அத பின்னாடி சொல்றேன்.

ரொம்ப நாளா ஒரு ஆசை, கடலூர்லேந்து கிளம்பி கடலோரமாவே தனுஷ்கோடி வரைக்கும் கார்ல போய்ட்டு வரணும்னு. சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, மனோரா, தொண்டி, ராமேஸ்வரம். பிப்ரவரி மொத வாரம் வியாழன் கிளம்பி ஞாயித்துக்கெழம நைட்டு வீடு, இதான் பிளான். ரெண்டு பேருகிட்டயும் கார் கெடையாது. ட்ரைவர் வச்சு டாக்ஸி எடுத்தா ட்ரைவர் பேட்டா அது இதுன்னு எகிறுது, செல்ஃப் ட்ரைவ் கம்பெனிங்க கேட்ட ரேட்டும் கட்டுப்படியாவல. அப்பதான் ஆபீஸ்ல ஒருத்தர் மூலமா பாண்டில ஒரு ஆளு நம்பர் கெடைச்சுது. சொந்தக் காரு நாலஞ்சு வச்சிருக்காரு, நாளைக்கு 2,200, கிலோமீட்டர் லிமிட்டே இல்லன்னாங்க. இத கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல்லு.

போய்ப் பாத்தோம். வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, பிஒய்னு ஆரம்பிக்கற பாண்டி நம்பர், வெள்ளை போர்டு. அவரு, “டெபாசிட் 5,000, அப்பறம் உன் பைக்க இங்க விட்டுடு தம்பி, பைக் ஆர்சி ஒரிஜினல் குடு, ஒரு செக்குல கையெழுத்து மட்டும் போட்டுக் குடு, தொகையெல்லாம் எழுத வேணாம், எல்லார்ட்டயும் வாங்கறதுதான்”ன்னாரு. எனக்கு வயித்துல ஒரு கலக்கம் வந்துச்சு, பொய் சொல்லல. ஆனா பின்னாடி சேட்டு ஏற்கனவே பேகெல்லாம் டிக்கில வச்சிட்டான், லீவும் போட்டாச்சு. “இன்சூரன்ஸ் இருக்குல்லண்ணே?”ன்னு மட்டும் கேட்டேன். “புல் இன்சூரன்ஸ் தம்பி, நீ கவலையே படாத”ன்னாரு. அக்ரிமென்ட்டுன்னு ஒரு பேப்பர், அதுல என் கையெழுத்து மட்டும்தான், அவரு கையெழுத்து கெடையாது, எனக்கு காப்பியும் குடுக்கல. நானும் கேக்கல.

இங்க கொஞ்சம் நிறுத்தி சொல்லிடறேன், ஏன்னா நான் இழந்த மொத்த காசுக்கும் காரணம் இந்த பத்து நிமிஷம்தான். நம்பர் பிளேட்ட பாருங்க. வெள்ளைப் பலகையில கறுப்பு எழுத்துன்னா அது சொந்த உபயோகத்துக்குன்னு பதிவு பண்ண வண்டி. மஞ்சப் பலகையில கறுப்பு எழுத்துன்னா டாக்ஸி. நீங்களே ஓட்டிக்கறதுக்கு வாடகைக்கு விடற வண்டிக்கு கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை போர்டு வண்டிய காசு வாங்கிட்டு வெளிய விடறதே தப்பு, அத விட முக்கியம், அந்த வண்டியோட பாலிசி பேப்பர்லயே வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினா இது செல்லாதுன்னு போட்டிருக்கும். அதாவது புல் இன்சூரன்ஸ் இருக்கு, உண்மைதான், ஆனா நீங்க வாடகை குடுத்து ஓட்டறீங்கன்னு தெரிஞ்சா வண்டி ரிப்பேருக்கு காசு தர மாட்டேன்னு கம்பெனி கையை விரிச்சிரும். எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர போட்டா அது தனியார் வண்டியா, இன்சூரன்ஸ் எப்ப முடியுது, எல்லாம் ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். இந்த ஆப் என் ஃபோன்லயே இருந்துச்சு. என் பைக்குக்கு புகை சர்டிபிகேட் பாக்கத்தான் போட்டு வச்சிருந்தேன். கார் நம்பர போட்டுப் பாக்கணும்னு அப்ப தோணவே இல்ல.

அட்வான்ஸ் 3,000, டெபாசிட் 5,000 ரெண்டயும் சேட்டுதான் ஜிபேல போட்டான், மிச்சம் 5,800 நான் கையில குடுத்தேன். ஜிபேல போடும்போது கீழ நோட்டுல “கார் வாடகை 4 நாள் அட்வான்ஸ்”, “கார் டெபாசிட்”னு டைப் பண்ணிட்டிருந்தான். “டேய் சீக்கிரம் போடுடா, வெயில் ஏறுது”ன்னு நான் திட்டினேன்.

ட்ரிப்ப பத்தி அதிகம் சொல்லப் போறதில்ல, நல்லா இருந்துச்சு, அவ்ளோதான். கெளம்பறப்ப பாண்டி எல்லை முள்ளோடைல ரெண்டு சரக்கு பாட்டில் வாங்கிக்கலாமான்னு சேட்டு ஒரு பார்வை பாத்தான். ஆல்பேட்டை செக்போஸ்ட்ல மாட்டினா வண்டியயே புடிச்சு வச்சுக்குவாங்க, எங்க ஊர்க்காரனுக்கு இது சொல்லித் தெரியணுமா, வேணாம்னுட்டேன். பிச்சாவரத்துல படகு, சுரபுன்னை வேருக்கு நடுவுல பூந்து போறப்போ படகுக்காரர் துடுப்ப நிறுத்தினாரு, ஒரு சத்தம் இல்ல, அந்த ரெண்டு நிமிஷத்துக்கே வந்தது தகும். தரங்கம்பாடில 1620ல டேனிஷ்காரங்க கட்ன கோட்டை, அதுக்கு வெளிய கடலப் பாத்து ஒரு மணி நேரம் சும்மா ஒக்காந்தோம். காரைக்கால்ல டேங்க ரொப்பிக்கிட்டோம், நம்ம பக்கத்த விட பெட்ரோல் கம்மி. நாகூர்ல இறால் வச்ச வாடான்னு ஒரு பலகாரம், சுடச் சுட. வேளாங்கண்ணில தங்கிட்டு அடுத்த நாள் முழுக்க கடலோர ரோடு, ராமேஸ்வரம். தனுஷ்கோடி முடியற அரிச்சல்முனைல நின்னப்போ ரெண்டு பக்கமும் தண்ணி, 1964 டிசம்பர் புயல்ல போன அந்த சர்ச் சுவரு, ஸ்டேஷன் இடிபாடு, எல்லாம் பாத்துட்டு சேட்டு ஒரு வார்த்த பேசல. அவன் பேசாம இருந்து நான் பாத்தது அன்னிக்குத்தான். அப்பறம் இன்னொரு தடவ பாத்தேன், ஞாயித்துக்கெழம சாயங்காலம்.

திரும்பி வரப்போ மனோராவுல லேட் பண்ணிட்டோம். சரபோஜி மன்னர் கட்ன எட்டடுக்கு கோபுரம், அந்தப் பக்கம் போனா பாருங்க, நல்ல எடம். அங்க மரத்தடில சாப்ட்டுட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டோம், அது ரெண்டு மணி நேரமாயிடுச்சு. அப்பறம் அவசரம், மறுநாள் ரெண்டு பேருக்கும் ஆபீஸ். திருத்துறைப்பூண்டி தாண்டி மேப்ல ஒரு கிராமத்து ரோட்ட காட்டி 12 நிமிஷம் மிச்சம்னு சொல்லுச்சு. திருப்பிட்டேன். மணி ஆறு அம்பது, நல்லா இருட்டிடுச்சு, ரோட்டு விளக்கு கெடையாது. ஸ்பீடு அறுபதுன்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன், உண்மைல எழுபத்தஞ்சு இருக்கும். ஒரு வளைவு திரும்பினதும் ரோட்ல பாதிய அடைச்சு நீளமா கறுப்பா ஏதோ. தார்ப்பாய் போத்தி வச்ச நெல்லு. சுத்தி வரிசையா கருங்கல்லு. நான் பிரேக்க மிதிச்சேன், வண்டி நிக்கவே இல்ல. அந்தக் குவியலுக்கு முன்னாடியே ரோடு பூரா நெல்லு பரவிக் கெடந்திருக்கு, டயரு அது மேல உருள ஆரம்பிச்சிருச்சு, ஸ்டியரிங் என் கையில இருக்கு ஆனா வண்டி என் கையில இல்ல. எடது பக்கம் மதகுக் கட்டையில இடிச்சு வாய்க்கால்ல எறங்கி நின்னுச்சு. எடது பக்கம்தான் சேட்டு.

டெல்டா பக்கம் அறுவடை நேரத்துல, அதாவது தை மாசி, அப்பறம் குறுவை முடியற புரட்டாசி ஐப்பசி, இந்த மாசங்கள்ல கார்ல போறவங்க இத ஞாபகம் வச்சுக்கோங்க. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா நெல்ல எடுக்க மாட்டாங்க, சில வருஷம் கொஞ்சம் தளர்த்துவாங்க அது வேற. பனியில நனைஞ்ச நெல்ல காய வைக்க ஊருக்கு ஊரு களம் எங்க இருக்கு, தார் ரோடுதான் சூடா இருக்கும், அதுலதான் கொட்டுவாங்க. பகல்ல தெரியும், பொழுது சாஞ்சதும் குவிச்சு மூடி கல்ல வச்சுட்டுப் போயிடுவாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல உள்ரோட்ட தொடாதீங்க, மேப்பு எத்தன நிமிஷம் மிச்சம்னு சொன்னாலும் மெயின் ரோட்டுலயே போங்க. நெல்லு மேல ஏறிட்டா பிரேக்க அமுக்காதீங்க, ஆக்ஸிலேட்டர விட்டுட்டு ஸ்டியரிங்க நேரா புடிங்க. இத எனக்கு அப்பறமா ஒரு லாரி டிரைவர் சொன்னாரு.

ஒரு அக்கா ஓடி வந்தாங்க. அவங்க நெல்லுதான். வந்தவங்க மொதல்ல சேட்ட வெளிய இழுக்க கை குடுத்தாங்க, தண்ணி குடுத்தாங்க, அப்பறம்தான் வாய்க்கால்ல கொட்டிப்போன நெல்ல பாத்துட்டு “தம்பி, கடன வாங்கி நட்டது தம்பி”ன்னு தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. எனக்கு அவங்க மேல கோவம் வரணும்னு நெனைச்சேன், வரல. ரெண்டு மூட்டை காசுன்னு 2,000 ரூவா கையில வச்சேன், வேணாம்னு சொல்லிட்டு வாங்கிக்கிட்டாங்க. சேட்டு பெல்ட் போட்டிருந்தான், அதனால தலைக்கு ஒன்னும் ஆவல, ஆனா அந்த பெல்ட் அழுத்தினதுலயே எடது பக்க காறை எலும்பு போச்சு. தோள புடிச்சுக்கிட்டு ஒரு சத்தம் போடாம நின்னான். சட்டைப் பாக்கெட் நெறைய நெல்லு.

108 இருவது நிமிஷத்துல வந்துச்சு, பக்கத்துல இருந்த அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாங்க, ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்து கைய தூளி மாதிரி கட்டி ஏஆர், அதான் விபத்துப் பதிவேடு, அதுல என்ட்ரியும் போட்டாங்க. ஒரு பைசா இல்ல. அதோட நான் நிறுத்தியிருக்கணும். அதுக்குள்ள சேட்டோட மாமா ஃபோன்ல, “ஜிஹெச்ல வச்சிருக்கியா, மொதல்ல நல்ல ஆஸ்பத்திரிக்கு மாத்துடா”ன்னு சத்தம் போட்டாரு. எனக்கு குற்ற உணர்ச்சி, நான்தான ஓட்டினேன், அவரு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரில அட்வான்ஸ் 18,000 என் கார்டுல தேய்ச்சேன். அவங்க பிளேட் வைக்கணும், ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்னாங்க. காலைல சேட்டோட அண்ணன் வந்து பாண்டிக்கு கூட்டிட்டுப் போயி அங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டினா, ஆபரேஷனே வேணாம், கட்டுப் போட்டு ஆறு வாரம் கைய அசைக்காம வச்சா கூடிடும்னு சொல்லிட்டாரு, கூடியும் போச்சு. ஒரு ராத்திரிக்கு பில்லு 14,600, மீதி திரும்ப வந்துச்சு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, தமிழ்நாட்டுல ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’னு ஒரு திட்டம் 2021 டிசம்பர்லேந்து இருக்கு. ரோட்ல அடிபட்டா மொத 48 மணி நேர வைத்தியத்துக்கு அரசாங்கமே காசு குடுக்கும். அந்தப் பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரிலயும் செல்லும். நீங்க எந்த ஊர்க்காரரா இருந்தாலும் பரவால்ல, விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள்ள நடந்திருந்தா போதும். சேட்டு பாண்டிக்காரன் அவனுக்கு இதெல்லாம் வராதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், கேக்கக்கூட இல்ல. கவுன்டர்ல கார்ட நீட்டறதுக்கு முன்னாடி “48 திட்டம் இங்க உண்டா”ன்னு ஒரு வார்த்த கேளுங்க. இல்லன்னு சொன்னா 108 கூட்டிட்டுப் போன எடத்துலயே இருங்க.

இப்ப போலீஸ். ஏஆர் போட்டதால ஸ்டேஷன்லேந்து ஏட்டய்யா ஆஸ்பத்திரிக்கே வந்தாரு. வந்ததும் மொத வேலையா என் வாய ஊதச் சொன்னாரு, அப்பறம் வண்டிய டார்ச் அடிச்சு பாத்துட்டு வந்ததா சொன்னாரு. முள்ளோடைல அந்த ரெண்டு பாட்டில் வாங்கியிருந்தா என் கதி என்னன்னு நெனைச்சா இன்னிக்கும் முதுகுல வேர்க்குது, குடிக்கவே இல்லன்னாலும் யாரு நம்பறது. சேட்டு எனக்கு கம்ப்ளெயின்ட் ஒன்னுமில்லன்னு எழுதிக் குடுத்தான். “வண்டி யாருது?”ன்னு கேட்டாரு. அதுக்கு அர மணி நேரம் முன்னாடிதான் ஓனருக்கு ஃபோன் பண்ணி சொல்லியிருந்தேன். அவரு மொதல்ல கேட்டது “வண்டிக்கு எவ்ளோ அடி?” ரெண்டாவது, “போலீஸ்ல வாடகைன்னு வாயே தொறக்காத தம்பி, ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லு, அப்பதான் இன்சூரன்ஸ் கெடைக்கும், உனக்குத்தான் நல்லது.” நான் அப்படியே சொல்லி கையெழுத்தும் போட்டேன். பயம். கை நடுங்கிட்டிருந்துச்சு, யாரு என்ன சொன்னாலும் செஞ்சிருப்பேன். இந்த மாதிரி நேரத்துல வாயில வர்ற பொய்யி நம்மள காப்பாத்தற மாதிரிதான் தெரியும், ஆனா அது யாருக்கு சாதகம்னு அப்ப யோசிக்க புத்தி இருக்காது. ஸ்டேஷன்ல நடந்தத மட்டும் சொல்லுங்க, காசு குடுத்து எடுத்த வண்டின்னா காசு குடுத்து எடுத்தேன்னே சொல்லுங்க.

திங்கக்கெழம காலைல சேட்ட அவங்க வீட்டாளுங்க கூட்டிட்டுப் போயாச்சு. அவங்கம்மாவும் வந்திருந்தாங்க, சின்ன வயசுலேந்து எனக்கு சோறு போட்ட அம்மா. அம்மான்னு கூப்ட்டேன், திரும்பாம கார்ல ஏறிட்டாங்க. நான் மட்டும் அந்த ஊர் டீக்கடைல ஒக்காந்திருந்தேன், போட்ட துணியோட, ஷூவுக்குள்ள நெல்லு குத்திக்கிட்டிருந்துச்சு. அந்த டீக்கடைக்காரர் தயவுலதான் வாய்க்கால்லேந்து வண்டிய டிராக்டர் வச்சு இழுத்தோம். கடலூர் நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல, ஏத்திட்டுப் போற ரெக்கவரி வண்டிக்கு 11,000. நான் டிரைவர் பக்கத்துல ஒக்காந்து வந்தேன், பின்னாடி கண்ணாடில மூஞ்சி நசுங்கின காரு கூடவே வருது. வழில அதே தரங்கம்பாடி போர்டு, அதே காரைக்கால் பங்க். அழுதேன். அந்த டிரைவர் பாக்காத மாதிரி ரேடியோவ வச்சாரு.

அப்பறம் ஆரம்பிச்சுது நெஜக் கூத்து. மொத வாரம் ஓனரு தம்பி தம்பின்னு நல்லாத்தான் பேசினாரு, க்ளெய்ம் போடறேன், சர்வேயர் கேட்டா என் சொந்தக்கார பையன்னு சொல்லிடுன்னாரு. சரின்னேன், அப்பவும் சரின்னுதான் சொன்னேன், மறைக்கல. பத்தாவது நாள் பேச்சு மாறுச்சு. க்ளெய்ம் எல்லாம் வேலைக்கு ஆவாது, போன வருஷம் இன்னொருத்தன் இடிச்சப்போ போட்டு வாடகைன்னு தெரிஞ்சு ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னு அவரு வாயாலயே உளறினாரு. அப்ப புல் இன்சூரன்ஸ் கவலைப்படாதன்னு சொன்னது? கேட்டேன். “வண்டி உன் கையில இருந்தப்போ நடந்ததுக்கு நீதான் தம்பி பொறுப்பு”ன்னு ஒரு லிஸ்ட்ட வாட்ஸ்அப்புல அனுப்பினாரு. கம்பெனி சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் 1,38,000. வண்டி ஓடாம நிக்கற 45 நாளுக்கு நாளைக்கு 2,200 வீதம் 99,000. வண்டி மதிப்பு கொறைஞ்சதுக்கு 50,000. மொத்தம் 2,87,000. பத்து நாள்ல தரலன்னா செக்க பேங்க்ல போடுவேன். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. அடுத்த ஒரு மாசமும் சரியா தூங்கல. வீட்ல சொல்லவும் முடியல, சேட்டுக்கு சொன்னா கை ஒடைஞ்சு கெடக்கறவன்கிட்ட காசு கேக்கற மாதிரி இருக்கும்.

மஞ்சக்குப்பத்துல கோர்ட்டுக்கிட்ட ஒரு வக்கீல், தெரிஞ்சவங்க மூலமா போனேன். அவரு கதைய கேட்டுட்டு மொதல்ல சிரிச்சாரு. “செக்குல தொகை எழுதலையா? அப்ப அவன் எழுதிப்பான்.” செக்கு பவுன்ஸ் ஆனா 138ன்னு கேசு வரும், பேங்க்ல ஸ்டாப் பேமென்ட் குடுத்துட்டா தப்பிச்சிடலாம்னு நெனைக்காத, அப்பவும் கேசு போட முடியும்னாரு. அதனால அவன் செக்க போடறதுக்கு முன்னாடியே, இந்த நம்பர் செக்கு பாதுகாப்புக்காக வெறுமையா குடுத்தது, கடனுக்கு இல்லன்னு ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் விடணும்னாரு. விட்டோம். பீஸ் 3,000, அந்த மொத்த கூத்துல நான் உருப்படியா செலவு பண்ணது அதுதான்.

நோட்டீஸ் போனதும் ஓனரு நேர்ல வரச் சொன்னாரு. போனேன். அங்க அவரு போட்ட குண்டு என்னன்னா, “வாடகைக்கு குடுத்தேன்னு யாரு சொன்னது? ஸ்டேஷன்ல நீயே ஃப்ரெண்டு வண்டின்னு கையெழுத்து போட்ருக்கியே. இரவல் வாங்கிட்டுப் போயி இடிச்சிட்டு வந்து எனக்கே நோட்டீசா?” அந்த அக்ரிமென்ட் பேப்பரா, அப்படி ஒன்னும் இல்லையே தம்பின்னாரு. நெஞ்ச அடைச்சிருச்சு எனக்கு. வெளிய வந்து ரோட்டோரமா நின்னு சேட்டுக்கு போன் பண்ணி மொத தடவையா எல்லாத்தையும் கொட்டினேன். அவன் ரெண்டு நிமிஷம் ஒன்னும் பேசல, லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். அப்பறம் வாட்ஸ்அப்புல ரெண்டு ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு. “கார் வாடகை 4 நாள் அட்வான்ஸ்.” “கார் டெபாசிட்.” தேதி, நேரம், ஓனரு பேரு, எல்லாத்தோடயும். அத பிரிண்ட் எடுத்துக்கிட்டு வக்கீல் சாரோட திரும்பப் போனோம். சார் அதிகமா ஒன்னும் பேசல, “வெள்ளை போர்டுல வாடகைக்கு விட்டீங்கன்னு நாங்க ஆர்டிஓவுக்கு எழுதினா மத்த மூணு வண்டிக்கும் சிக்கல் வரும், பேசி முடிச்சுக்கலாமா?”ன்னு மட்டும் கேட்டாரு. அன்னிக்கு எங்களுக்கு மொத தடவையா அந்த வீட்ல காபி வந்துச்சு.

முழுசா குடுக்காம வர முடியாது, இடிச்சது நான்தான, அத மறுக்கல. வெளி ஒர்க்‌ஷாப்புல வேலை பாக்கறதுன்னு முடிவாச்சு, 82,000. வண்டி நின்ன நாளுக்கு மொத்தமா 30,000. அதுல டெபாசிட் 5,000 கழிச்சுக்கிட்டு மிச்சம் 1,07,000 அம்மாவோட வளையல கூட்டுறவு பேங்க்ல வச்சு கட்டினேன், அப்பதான் வீட்டுக்கும் தெரிஞ்சுது, அந்த சீன இங்க எழுதல. ஒர்க்‌ஷாப்புக்கு வண்டிய பாக்கப் போனப்போ மெக்கானிக் தம்பி கூப்ட்டு காட்டினான். மூணு வாரமா வெட்டவெளியில நின்ன வண்டில சேட்டு ஒக்காந்த சீட்டுக்கு கீழ, ஈரமான ஃப்ளோர் மேட்ல, பச்சப் பசேல்னு நெல்லு மொளைச்சிருந்துச்சு, ஒரு சாண் நாத்து. “நடவு நட்டுடலாமாண்ணே?”ன்னான். எல்லாம் ஆரம்பிச்சதுக்கப்பறம் நான் வாய் விட்டு சிரிச்சது அங்கதான்.

கணக்குன்னு பாத்தா ரிப்பேரும் நின்ன நாளும் 1,12,000, ரெக்கவரி 11,000, ஆஸ்பத்திரி 14,600, நெல்லு 2,000, வக்கீல் 3,000. கூட்டினா 1,42,600. லீவு ஒம்பது நாள், அதுல நாலு சம்பளம் இல்லாம. நாளைக்கு ஒரு ஆயிரம் ரூவா கூடக் குடுத்து கறுப்பு போர்டு வண்டி எடுத்திருந்தா 4,000தான் கூட ஆகியிருக்கும். முறையா வாடகைக்கு விடற எடத்துல வண்டிக்கு அடிபட்டா நாம அதிகபட்சம் எவ்ளோ கட்டணும்னு மொதல்லயே பேப்பர்ல எழுதியிருப்பாங்க, அந்த ஒரு வரிய தேடிப் படிங்க. வண்டி எடுக்கறப்பவும் குடுக்கறப்பவும் நம்பர் பிளேட்லேந்து ஆரம்பிச்சு சுத்தி ஒரு வீடியோ. ஒரிஜினல் ஆர்சி, வெறும் செக்கு, இந்த ரெண்டும் கேட்டா அந்த எடத்துலேந்து அப்படியே நடந்து வந்துடுங்க. காசு ஜிபேல போட்டா எதுக்குன்னு நோட்டுல எழுதுங்க, எவன் கிண்டல் பண்ணாலும்.

சேட்டு அவன் பங்குன்னு ஏதாவது குடுத்தானான்னு கேக்கறீங்க. அவன் கேட்டான், நான் வாங்கல, வாங்கலன்னு பெருமையா சொல்லிட்டாலும் உள்ளுக்குள்ள பாதியாவது வாங்கியிருக்கலாமோன்னு வளையல் வட்டி கட்டறப்பல்லாம் தோணுது. அவங்கம்மா சித்திரை மாசம்தான் என்கிட்ட பேசினாங்க, “சாப்ட்டியா”ன்னு. ட்ரிப்பு கணக்க அவன் ஃபோன்ல எழுதி வச்சிருந்தான், காட்டினான், கடைசி வரி மனோராவுல வாங்கின ரெண்டு இளநீ. அதுக்கு மேல எழுதல.

பைக் போன வாரம்தான் திரும்பக் குடுத்தாரு. ஆர்சியும் குடுத்தாரு. செக்க கிழிச்சு கையில குடுத்தாரு, துண்டெல்லாம் சேத்து நம்பர் சரிதானான்னு அங்கயே நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். பைக்க விட்டப்போ மீட்டர்ல 23,410, இப்ப 25,000ஐ தாண்டிருச்சு. சீட் கவரு புதுசு, டேங்க்ல யாரோ சின்னப் பையன் ஆசையா ஒட்டின கழுகு ஸ்டிக்கரு. சரி போவுதுன்னு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நேத்து புகை சர்டிபிகேட்டுக்காக அதே ஆப்ப தொறந்தா, என் பைக் நம்பர்ல ஒரு சலான் நிக்குது, ஏப்ரல் மாசம் பாண்டி சிக்னல்ல ஹெல்மெட் போடாம போனதுக்கு 1,000 ரூவா. ஏப்ரல்ல பைக் யாரு வீட்ல இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். ஃபோன் போட்டேன். “அண்ணே, இந்த மாதிரி ஃபைன் வந்திருக்கு”ன்னேன்.

“வண்டி உன் பேர்ல தான தம்பி இருக்கு, நீதான் கட்டணும்”னாரு.

கட்டிட்டேன்.